சிவனுக்குச் சகலை யார் தெரியுமா?

தருமதேவன்! நம்ப முடியவில்லையா? பாகவதம் சொல்லும் உறவுமுறை இது. தட்சனுக்கு 16 பெண்கள். சதியைச் சிவனுக்கும், ஸ்வாஹாவை அக்கினிக்கும், ஸ்வதாவைப் பிதிர்களுக்கும் கொடுத்தான். மிச்சமிருந்த 13 பேரையும் ஒரே மாப்பிள்ளை தலையில் கட்டினான். அந்த மாப்பிள்ளைதான் தருமன். மணப்பெண்கள் யார் யார்? சிரத்தை, தயை, சாந்தி, மைத்திரி, புத்தி, மேதை... நற்குணங்கள் மொத்தமும் ஒரே வீட்டு மருமகள்கள்!

பிறந்த பிள்ளைகளைக் கேட்டால் இன்னும் வியப்பு. தயை பெற்றது அபயம். சாந்தி பெற்றது சுகம். மேதை பெற்றது ஞாபகசக்தி. ‘உன்னதி’ என்று ஒரு மனைவி. வளர்ச்சி, உயர்வு என்று பொருள். அந்த அம்மாளுக்குப் பிறந்தவன் பெயர் தர்ப்பன், அதாவது திமிர்! தருமனின் சொந்த ரத்தத்தில் திமிர் பிடித்த ஒரு மகன். எழுதியவர் யாரையோ மனத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதியிருப்பார் என்று எனக்குப் படுகிறது.

அதர்மனுக்கும் குடும்பம் உண்டு. அவன் மனைவி பொய். பிள்ளைகள் பகட்டும் மாயையும். பேரன் பேராசை, கொள்ளுப்பேரன் கோபம். அப்படியே இறங்கிக்கொண்டே போனால் பயமும் மரணமும் வந்து நிற்கின்றன.

தருமதேவனே சாபம் வாங்கிய கதை தெரியுமா? மாண்டவ்யர் என்ற முனிவரைத் திருடர்களின் கூட்டாளி என்று நினைத்துக் கழுவில் ஏற்றிவிட்டான் அரசன். அவர் நேராகத் தருமனிடம் போய், “நான் என்ன பாவம் செய்தேன்?” என்று கேட்டார். சிறுவயதில் பூச்சிகளைப் புல்லால் குத்தினீர்களே என்று பதில் வந்தது. விவரம் தெரியாத வயதில் செய்ததற்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று கொதித்த முனிவர், பூமியில் போய்ப் பிற என்று தருமனையே சபித்துவிட்டார். 14 வயது வரை செய்வது பாவக்கணக்கில் சேராது என்று புதிய விதியும் போட்டார்! அந்தச் சாபத்தால் பிறந்தவர்தான் மகாபாரதத்து விதுரர். யுதிஷ்டிரனோ தருமனின் மகன். ஆக, அவனுக்குச் சித்தப்பாவும் தருமன், தகப்பனும் தருமன்! பொய்கைக்கரையில் அவனைக் கேள்வி கேட்ட யட்சனும், கடைசிப் பயணத்தில் கூடவே வந்த நாயும்கூட அதே ஆள்தான்.

குணங்களை மட்டுமே பாத்திரங்களாக்கி 11ஆம் நூற்றாண்டில் முழு நாடகமே எழுதிவிட்டார் கிருஷ்ணமிச்ரர். பெயர் ‘பிரபோத சந்திரோதயம்’. சந்தேல மன்னன் கீர்த்திவர்மன் அவையில், ஒரு போர் வெற்றியைக் கொண்டாடுவதற்காக நடிக்கப்பட்டது. கொண்டாட்டம் போருக்கு, நாடகத்தின் சுவையோ சாந்தம்! விவேகன் ஒரு பக்கம் அரசன். மகாமோகன் எதிரி அரசன். இருவரும் மாற்றாந்தாய் மக்கள். இதில் எனக்குப் பிடித்த காட்சி காசியில் நடக்கிறது. பகட்டு அங்கே பெரிய ஆசாரக்காரனாக உட்கார்ந்திருக்கிறான். பார்க்க வருவது அகங்காரம், சொந்தத் தாத்தா! அடையாளம் தெரியாத பகட்டு, வியர்வைத் துளி காற்றில் வந்து மேலே படும், தள்ளி நில்லும் என்று சீடன் வாயால் சொல்லவைக்கிறான். பிரம்மா தன் தொடையைச் சாணநீரால் மெழுகிச் சுத்தம் செய்துதான் என்னை உட்காரவைத்தார் என்று பீற்றிக்கொள்ளவும் செய்கிறான். நல்ல குணங்கள் பேசும் வசனம் எதுவும் இந்த அளவுக்கு ருசிக்கவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்த நாடகத்தில் கோபத்தை ஜெயிப்பது பொறுமை. அதற்கு 600 ஆண்டு முன்பே, இதே சண்டையை ப்ருடென்ஷியஸ் என்ற லத்தீன் கவிஞர் ‘சைகோமாகியா’வில் பாடிவிட்டார்! அங்கே பொறுமை கையை ஓங்கவே இல்லை. கோபம் ஈட்டியை எறிகிறாள், பலிக்கவில்லை. வாளை வீசுகிறாள், பொறுமையின் தலைக்கவசத்தில் பட்டு வாள் தூள் தூளாகிறது. ஆத்திரம் தாங்காமல் தன்னைத்தானே குத்திக்கொண்டு சாகிறாள்.

ஜெர்மனியின் ஹில்டெகார்ட் என்ற கன்னியாஸ்திரீ 1151 வாக்கில் எழுதிய இசை நாடகத்தில் நற்குணங்கள் எல்லாம் பாடுகின்றன. சாத்தானுக்கு மட்டும் பாட்டே கிடையாது. கத்தத்தான் முடியும்!

நீதியும் ஒரு நற்குணம்தானே? சினிமாவில் பார்க்கிறோமே, நீதிதேவதையின் கண்கட்டு, அது முதலில் கேலி என்று தெரியுமா? 1494இல் பாசல் நகரில் செபாஸ்டியன் பிராண்ட் வெளியிட்ட ‘முட்டாள்களின் கப்பல்’ நூலில் ஒரு மரச்செதுக்குப் படம். ஒரு கோமாளி பின்னாலிருந்து நீதியின் கண்ணைக் கட்டுகிறான்! எதற்கெடுத்தாலும் வழக்குப் போடுகிறவர்களைக் கிண்டல் செய்த படம் அது. சில பத்தாண்டுகளில் அதே துணி நடுநிலைமையின் அடையாளமாகிவிட்டது. 2024இல் செய்தியான, நம் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் நூலகத்துப் புதிய சிலைக்குக் கண்கட்டு இல்லை. வாளும் இல்லை, அந்தக் கையில் அரசியலமைப்புப் புத்தகம். இன்னொரு கையில் பழைய தராசு அப்படியே இருக்கிறது. அம்மா இப்போது கட்டியிருப்பது புடவை!