உங்களுக்குத் தெரியுமா? 19 வயது ஆகாத தாய்க்கு நிதியுதவி இல்லை!

தமிழ்நாட்டில் எலவனாசூர்கோட்டை ஊரோ கல்வராயன் மலையோ, எங்கிருந்தாலும் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி உண்டு. 2006-இல் 6,000 ரூபாயாக இருந்தது 2011-இல் 12,000 ஆனது. 2018 முதல் 18,000. அதில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக வரும்.

ஆனால் தாய்க்கு 19 வயதாவது ஆகியிருக்க வேண்டும். அதுவும் முதல் இரண்டு பேறுகளுக்குத்தான். இளவயதுத் திருமணத்தைத் தடுக்கத்தான் இந்த விதி. திட்டத்துக்குப் பெயர் தந்த முத்துலட்சுமி ரெட்டியே பெண்ணின் திருமண வயதை உயர்த்தப் போராடியவர். இருந்தாலும், சத்து அதிகம் தேவைப்படும் பதினேழு வயதுத் தாய்க்கே பெட்டகம் கிடைக்காதது உறுத்துகிறது. பரிசோதனையும் பிரசவமும் அரசு மருத்துவமனையில் அவளுக்கும் இலவசம்தான்.

கர்ப்பமாவதற்கு முன்பே சத்துக்கு வழி உண்டு: 10 முதல் 19 வயதுப் பெண்களுக்கு வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தருகிறார்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டலாம். சாப்பிட்ட பிறகு விழுங்குங்கள்.