நீங்கள் அழித்த கோப்பு இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா?

இரண்டு ஜிபி சினிமா ஒன்றை டெலீட் செய்கிறீர்கள். கண் மூடித் திறப்பதற்குள் காணோம்! அதே படத்தைப் பென்டிரைவில் ஏற்ற எவ்வளவு நேரம் காத்திருந்தோம்? அழிப்பது மட்டும் எப்படி இத்தனை வேகம்? காரணம் எளிது. எதுவுமே அழியவில்லை! படம் டிஸ்கில் இருந்த இடத்திலேயே அப்படியே இருக்கிறது. மாறியது பெயரும் முகவரியும் மட்டும்தான்.

விண்டோஸ் 95 காலத்திலிருந்து டெஸ்க்டாப்பில் உட்கார்ந்திருக்கும் ரீசைக்கிள் பின் ஒரே தொட்டி என்றுதானே நினைக்கிறோம்? இல்லவே இல்லை! சி டிரைவுக்கு ஒன்று, டி டிரைவுக்கு ஒன்று, வெளியிலிருந்து செருகும் ஹார்டு டிஸ்குக்கு இன்னொன்று. ஒவ்வொன்றிலும் '$ரீசைக்கிள்.பின்' என்ற மறைவுக் கோப்புறை இருக்கிறது. 'ஹிடன் ஐட்டம்ஸ்' காட்டச் சொன்னாலும் தலைகாட்டாது. ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் சிஸ்டம் கோப்புகளை மறைத்துவைக்கும் டிக்கையும் எடுத்தால்தான் கண்ணில் படும். அப்படித் தற்செயலாகப் பார்த்தவர்கள் வைரஸ் என்று பதறியதும் உண்டு. பதற வேண்டாம். அதை அடியோடு நீக்கினாலும் விண்டோஸ் அடுத்த முறை தானே புதிதாக உருவாக்கிக்கொள்ளும்.

உள்ளே நடப்பதுதான் அதிசயம்! நீங்கள் தூக்கிப்போட்ட கல்யாணப் போட்டோ அங்கே இரண்டு கோப்புகளாகிறது. '$ஆர்' என்று தொடங்கி, தாறுமாறான ஆறு எழுத்து எண்களோடு ஒரு பெயர்: அதுதான் போட்டோ. '$ஐ' என்று தொடங்கி, அதே ஆறோடு இன்னொன்று: அது சின்னஞ்சிறு குறிப்புச் சீட்டு. போட்டோ முன்பு எந்தக் கோப்புறையில் இருந்தது, எவ்வளவு பெரியது, எந்த நொடியில் நீக்கினீர்கள், எல்லாம் அதில் பதிவாகிறது. 'ரீஸ்டோர்' அழுத்தியதும் கோப்பு சொந்த இடத்துக்குத் திரும்புகிறதே, அது இந்தச் சீட்டின் புண்ணியம். அந்த நேரத்தை விண்டோஸ் எங்கிருந்து எண்ணுகிறது தெரியுமா? 1601 ஜனவரி 1-இலிருந்து! அதுவும் நொடியைக் கோடியாகப் பிரித்து, அந்தக் கணக்கில்!

இன்னொன்று. ஒரே கணினியை வீட்டில் நான்கு பேர் தனித்தனிக் கணக்கில் பயன்படுத்துகிறீர்களா? அப்படியானால் அந்த மறைவுக் கோப்புறைக்குள் ஆளுக்கொரு உள்ளறை! 'எம்ப்டி' அழுத்தினால் காலியாவது உங்கள் அறை மட்டுமே. மற்றவர்கள் போட்டது அப்படியே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். டிஸ்க் நிறைந்துவிட்டது என்று புலம்பும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அவரவர் கணக்கில் நுழைந்து காலி செய்யுங்கள். செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் சென்ஸ்' வசதியைப் போட்டுவிட்டால், 30 நாள் பழசானதை அதுவே கழித்துக்கட்டும்.

பென்டிரைவ் கதை வேறு. விண்டோஸில் பென்டிரைவிலிருந்து நீக்கினால் தொட்டிக்கே போகாது, நேரே போய்விடும். அதே பென்டிரைவை மேக் கணினியில் செருகி நீக்கினால், '.டிராஷஸ்' என்ற மறைவுக் கோப்புறையில் எல்லாம் தங்கிவிடும். லினக்ஸிலும் இப்படியே. காலியாகத் தெரியும் பென்டிரைவ் 'இடமில்லை' என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்!

சரி, தொட்டியையும் காலி செய்துவிட்டோம். இப்போதாவது போனதா? பழைய ஹார்டு டிஸ்கில் போகாது! 'இந்த இடம் காலி' என்று குறித்துவைப்பதோடு விண்டோஸின் வேலை முடிந்தது. அதன்மேல் வேறு ஏதாவது எழுதப்படும் வரை, மீட்பு மென்பொருள் அதைத் தோண்டி எடுத்துவிடும். எஸ்எஸ்டி அப்படியில்லை. 'டிரிம்' என்ற கட்டளை விண்டோஸ் 7 முதல் அந்த இடத்தைத் துடைத்தெடுக்கச் சொல்லிவிடுவதால் மீட்பது மிகக் கடினம்.

அமெரிக்காவின் எம்ஐடியில் சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் என்ற இரு ஆய்வாளர்கள் 158 பழைய ஹார்டு டிஸ்குகளை வாங்கிச் சோதித்து 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்த 129-இல் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை எத்தனை தெரியுமா? வெறும் 12! சோதித்த டிஸ்குகளில் ஒன்று ஏடிஎம் இயந்திரத்திலிருந்து வந்தது!

அதனால் பழைய கணினியை விற்கும்போதோ, யாருக்காவது கொடுக்கும்போதோ தொட்டியைக் காலி செய்ததோடு நிறுத்திவிடாதீர்கள். 'ரீசெட் திஸ் பிசி' போய், 'ரிமூவ் எவ்ரிதிங்' தேர்ந்தெடுத்து, அதற்குள் இருக்கும் 'கிளீன் டேட்டா'வையும் மறக்காமல் 'யெஸ்' ஆக்குங்கள். சில மணி நேரம் பிடிக்கும். பொறுமையாக விட்டுவிடுங்கள்.