ஒரு மனையில் எத்தனை வீடுகள்?

நீளம் 60 அடி, அகலம் 40 அடி கொண்ட ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு 2,400 சதுர அடி. சென்னையில் இதை ஒரு 'கிரவுண்டு' என்பார்கள். இதில் ஒரு குடும்பமும் வாழலாம். ஆறு குடும்பங்களும் வாழலாம். எத்தனை குடும்பங்கள் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? மனைக்குச் சொந்தக்காரரா, வீடு கட்டும் மேஸ்திரியா? அவர்கள் விருப்பத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை ஓர் எண் வகுக்கிறது. அதற்குத் 'தளப்பரப்புக் குறியீடு' என்று பெயர். பொறியாளர்கள் சுருக்கமாக 'எஃப்.எஸ்.ஐ.' என்பார்கள்.

எளிய வகுத்தல்

எல்லா மாடிகளின் தளப்பரப்பையும் கூட்டுங்கள். அதை மனையின் பரப்பால் வகுங்கள். கிடைக்கும் ஈவுதான் தளப்பரப்புக் குறியீடு. (வாகனம் நிறுத்தும் தரைத்தளம் போன்ற சில பகுதிகள் இக்கணக்கில் சேர்வதில்லை.)

சென்னையில் சாதாரணக் குடியிருப்புகளுக்கு இந்த வரம்பு முன்பு 1.5 ஆக இருந்தது. தமிழ்நாடு முழுமைக்குமாக 2019 இல் வந்த கட்டட விதிகள், உயர்மாடி அல்லாத கட்டடங்களுக்கு அதை 2 ஆக்கின. நம் மனையில் இதன் விளைவு என்ன? முன்பு 3,600 சதுர அடி கட்டலாம். பின்பு 4,800 சதுர அடி. ஒரு வீட்டுக்கு 800 சதுர அடி என்று வைத்தால், முன்பு 4 வீடுகள். பின்பு 6 வீடுகள். ஓர் எண் அரை அளவு கூடியதும் இரண்டு குடும்பங்களுக்குக் கூடுதலாக இடம் கிடைத்துவிட்டது!

எண் மட்டும் போதுமா?

போதாது. 4,800 சதுர அடியை, மனை முழுவதையும் மூடி இரண்டு தளங்களாகக் கட்டலாம். பாதி மனையில் நான்கு தளங்களாகக் கட்டலாம். கால் மனையில் எட்டுத் தளங்களாகவும் கட்டலாம். மூன்றுக்கும் குறியீடு ஒன்றே. ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு மூன்றும் ஒன்றல்ல. அதனால்தான் சுற்றிலும் எவ்வளவு காலியிடம் விட வேண்டும், எவ்வளவு உயரம் போகலாம், எதிரே தெரு எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்றும் விதிகள் உள்ளன.

இவ்விதிகள் பிறந்த கதையில் நியூயார்க் நகருக்குத் தனி இடம் உண்டு. அங்கே 1915 இல் 'ஈக்விடபிள்' கட்டடம் எழுந்தது. ஓர் ஏக்கருக்குச் சற்றுக் குறைந்த நிலத்தில் 38 மாடிகள். சுமார் 12 லட்சம் சதுர அடி. குறியீட்டைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 30! தெரு ஓரத்திலிருந்து செங்குத்தாக எழுந்த அதன் சுவர்கள் அண்டைக் கட்டடங்களின் வெளிச்சத்தை மறைத்தன. மறு ஆண்டே, 1916 இல், நகரம் ஒரு விதி கொண்டுவந்தது. குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் சுவர்கள் படிப்படியாக உள்வாங்க வேண்டும் என்றது அது. அக்காலத்து நியூயார்க் கட்டடங்கள் பல படிக்கட்டு போலத் தோன்றுவதற்கு இதுவே காரணம். 1961 இல் அந்நகரமும் தளப்பரப்புக் குறியீட்டுக்கு மாறியது.

நிழலின் கணக்கு

அந்த விதியை அப்படியே சென்னைக்குக் கொண்டுவரலாமா? முக்கோணவியல் பதில் சொல்லும். கட்டடத்தின் உயரத்தைச் சூரியனின் ஏற்றக் கோணத்தின் 'டேன்' மதிப்பால் வகுத்தால் நிழலின் நீளம் கிடைக்கும். டிசம்பர் 22 நண்பகலில் சென்னையில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 53.5 பாகை உயரத்தில் இருக்கும். நியூயார்க்கில் சுமார் 26 பாகைதான். ஆகவே 12 மீட்டர் உயரமுள்ள ஒரு வீட்டின் நிழல் சென்னையில் 9 மீட்டர். நியூயார்க்கில் ஏறக்குறைய 25 மீட்டர்! அங்கே வெயிலைத் தேடுகிறார்கள். இங்கே நாம் நிழலைத் தேடுகிறோம். காலியிடம் நமக்கு வெளிச்சத்துக்கு மட்டுமல்ல, காற்றோட்டத்துக்கும் மழைநீர் மண்ணில் இறங்குவதற்கும் வேண்டும். ஊருக்கு ஊர் விதி மாறத்தான் வேண்டும்.

எந்த எண் சரி?

மனையின் விலை 96 லட்ச ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நான்கு வீடுகளானால் ஒரு குடும்பத்தின் பங்கு 24 லட்சம். ஆறு வீடுகளானால் 16 லட்சம். வரம்பு குறைவாக இருந்தால் வசதி குறைந்தவர்கள் ஊருக்கு வெளியே வீடு தேட நேரும். வேலைக்கும் பள்ளிக்கும் தினமும் நெடுந்தூரம் போய் வர வேண்டியிருக்கும்.

அப்படியானால் எண்ணைக் கூட்டிக்கொண்டே போகலாமே என்று கேட்பீர்கள். குடும்பத்துக்கு நான்கு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று கொள்ளுங்கள். நான்கு வீடுகளுக்கு 2,160 லிட்டர் போதும். ஆறு வீடுகளுக்கு 3,240 லிட்டர் வேண்டும். தெருவில் புதைத்த குழாயோ பழைய அளவுதான்! கழிவுநீர்க் குழாயும் தெருவின் அகலமும் அப்படியே. மேலும், அதிகம் கட்டலாம் என்று தெரிந்ததும் மனையின் விலையே ஏறிவிடக்கூடும். அப்போது 16 லட்சம் 16 லட்சமாக இராது.

ஆகவே எண்ணை உயர்த்துபவர்கள் குழாயையும் சாலையையும் சேர்த்தே உயர்த்த வேண்டும். உயர்த்தாமல் இருப்பவர்கள் வீடு கிடைக்காமல் போகும் குடும்பங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நீங்களும் ஒரு நாடாவை எடுத்து, நீங்கள் குடியிருக்கும் கட்டடத்தையும் மனையையும் அளந்து பாருங்கள். குறியீடு என்ன வருகிறது? நண்பகலில் அதன் நிழல் யார் வீட்டுச் சன்னலில் விழுகிறது?