குடும்பச் சிக்கனம் கடை வாசலிலேயே ஆரம்பமாக வேண்டும்

மாதச் சம்பளம் கைக்குக் கிடைத்துப் பதினைந்து நாட்கள் கழிவதற்குள் பணம் தீர்ந்துவிடுகிறது. 'எதற்குச் செலவழித்தோம் என்றே தெரியவில்லை' என்ற கவலைக் குரல் இன்று எமது இல்லங்கள் பலவற்றிலும் ஒலிக்கின்றது. அரச ஊழியர், தனியார் நிறுவனப் பணியாளர், தோட்டத் தொழிலாளர், கடற்றொழிலாளர் என எவரும் இதற்கு விதிவிலக்கல்லர். வருமானத்தைக் கூட்டிக்கொள்வது எல்லோருக்கும் உடனடியாகக் கைகூடும் காரியமன்று. ஆனால், கிடைக்கின்ற வருமானத்தைக் கொண்டு பொருட்களை எவ்வாறு வாங்குகின்றோம் என்பது பெருமளவுக்கு எமது கைகளிலேயே உள்ளது.

கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் 69.8 வீதத்தையும், உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தையும் தொட்டது. அதாவது, ஓராண்டுக்கு முன்னர் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுப் பொருட்களுக்கு ஏறத்தாழ 195 ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. அதன் பின்னர் பணவீக்கம் வீழ்ச்சியடைந்து, 2024 செப்டெம்பரில் பூச்சியத்துக்கும் கீழே சென்றது. எனினும், பணவீக்கம் குறைந்தது என்பதற்குப் பழைய விலைகள் திரும்பிவிட்டன என்று பொருளன்று. ஏறிய விலைகள் பெரும்பாலும் ஏறிய இடத்திலேயே நிற்கின்றன. மேலும் ஏறும் வேகமே தணிந்தது. அத்துடன், 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 வீதமாக உயர்த்தப்பட்டமையும் குடும்பங்களின் சுமையைக் கூட்டியது.

இத்தகைய நெருக்கடியின்போது குடும்பங்கள் முதலில் கை வைப்பது உணவிலேயாகும். முட்டை, மீன், பால், பருப்பு ஆகியன ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிலிருந்து மறைகின்றன. ஐக்கிய நாடுகளின் உணவு அமைப்புகள் 2022 இல் மேற்கொண்ட மதிப்பீட்டின்படி இலங்கையில் சுமார் 63 இலட்சம் பேர் போதிய உணவுப் பாதுகாப்பின்றி இருந்தனர். தாய் தனது பங்கைக் குறைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதும், பின்னர் பிள்ளைகளின் பங்கும் குறைவதும் நாம் கண்கூடாகக் கண்ட விடயங்களே. ஆனால் அதே வீட்டில், பொருட்களை வாங்கும் முறையில் உள்ள ஓட்டைகள் அடைக்கப்படாமலே இருந்துவிடுகின்றன. உண்ணும் அளவைக் குறைப்பதற்கு முன்னர் வாங்கும் முறையைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதே நாம் இங்கு வலியுறுத்த விரும்பும் விடயமாகும்.

சிக்கனம் எமது மக்களுக்குப் புதியதன்று. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையின் கீழ், ஜாம் போத்தலில் சிறிதளவு மண்ணெண்ணெய் ஊற்றித் திரி ஏற்றிப் படித்த தலைமுறையினர் இன்றும் எம்மத்தியில் உள்ளனர். ஆயினும், அன்று பொருள் இல்லாததால் சிக்கனம் பிடித்தோம். இன்றோ கடைகளில் பொருள் குவிந்து கிடக்கின்றது, பணந்தான் போதவில்லை. ஆகவே இன்றைய சிக்கனத்துக்குப் பொறுமையுடன் சிறிது கணக்கும் தேவைப்படுகின்றது.

முதற்படி, கணக்கெழுதுவதாகும். ஒரு கொப்பியை எடுத்து, ஒரு மாதத்துக்கு மட்டும், வாங்கிய பொருள், அளவு, விலை, கடை ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். ஐந்து ரூபாவுக்கு வாங்கிய பொருளைக் கூட விட்டுவிடக் கூடாது. மாத முடிவில் அரிசி, மா, சீனி, பருப்பு போன்ற அத்தியாவசியப் பொருட்களுக்கு எவ்வளவு, குளிர்பானம், பிஸ்கட், கடைச் சிற்றுண்டி ஆகியவற்றுக்கு எவ்வளவு எனத் தனித்தனியே கூட்டிப் பார்த்தால், பணம் போன வழி தெளிவாகத் தெரியும். எந்தச் செலவைக் குறைப்பது என்பதைக் கணவனும் மனைவியும் வாக்குவாதமின்றி முடிவு செய்வதற்கும் இந்தக் கணக்கு உதவும்.

இரண்டாவது, பொருளின் விலையை விட அதன் அலகு விலையைப் பார்க்கப் பழக வேண்டும். அலகு விலை என்பது ஒரு கிராமுக்கோ, 100 கிராமுக்கோ, ஒரு லீற்றருக்கோ வரும் விலையாகும். உதாரணமாக, 100 கிராம் பருப்புப் பைக்கற் 40 ரூபாவுக்கும், அதே பருப்பு ஒரு கிலோ 320 ரூபாவுக்கும் விற்கப்படுவதாகக் கொள்வோம். பத்துச் சிறிய பைக்கற்றுகளை வாங்குபவர் ஒரு கிலோவுக்கு 400 ரூபா செலுத்துகின்றார். இது கிலோவாக வாங்குபவர் செலுத்துவதை விட 25 வீதம் அதிகமாகும். தேயிலை, கறித்தூள், சலவைத்தூள், பால்மா என எல்லாவற்றிலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சில வேளைகளில் பெரிய பைக்கற்றை விட நடுத்தர அளவு மலிவாக இருப்பதும் உண்டு. எனவே பெரிதெல்லாம் இலாபம் என்று நம்பிவிடாமல், கையடக்கத் தொலைபேசியிலுள்ள கணிப்பானில் ஒருமுறை வகுத்துப் பார்ப்பதே நல்லது.

விலை மாறாமல் நிறை மட்டும் குறைவதையும் கவனிக்க வேண்டும். 100 கிராம் சவர்க்காரக் கட்டி 180 ரூபாவுக்கு விற்கப்பட்டு, பின்னர் அதே விலைக்கு 80 கிராம் கட்டி வருமாயின், உண்மையில் விலை 25 வீதம் உயர்ந்துள்ளது. விலையை மட்டும் நினைவில் வைத்திருப்பவருக்கு இது புலப்படாது. மேலே கூறிய கொப்பியில் நிறையையும் குறித்து வைப்பவருக்கு உடனே புலப்படும்.

இங்கே ஒரு வேதனையான உண்மை உண்டு. சிறிய பைக்கற்றுகளில் வாங்குபவர்கள் பெரும்பாலும் நாட்கூலி பெறும் குடும்பத்தினரே. அன்றன்று கிடைக்கும் பணத்துக்கு அன்றன்று 50 கிராம் தேயிலையும் 100 கிராம் பருப்பும் வாங்குவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. இவ்வாறு, குறைந்த வருமானம் உடையவரே அதே பொருளுக்குக் கூடிய விலை கொடுக்கின்றார். 'மொத்தமாக வாங்குங்கள்' என்று அவர்களுக்கு உபதேசம் செய்வதில் அர்த்தமில்லை. மொத்தமாக வாங்குவதற்கான பணத்தைச் சேர்க்கும் வழியே அவர்களுக்குத் தேவை.

அதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்ற முயலாமல் ஒரு பொருளை மட்டும் தெரிவு செய்வது. முதலில் பருப்பை மட்டும் கிலோவாக வாங்கி, அதில் மீதமாகும் பணத்தைத் தனியாக ஒரு ரின்னில் போட்டு வைத்து, அடுத்த முறை சீனியையும் அவ்வாறே வாங்கலாம். மற்றையது, அயலவர்கள் சேர்ந்து வாங்குவது. சீட்டுப் பிடிக்கும் வழக்கம் எமது பெண்களுக்குக் கைவந்த கலை. அதே நம்பிக்கையின் அடிப்படையில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து 25 கிலோ அரிசி மூட்டையொன்றை மொத்தக் கடையில் வாங்கிப் பங்கிட்டுக் கொள்ளலாம். போக்குவரத்துச் செலவும் நான்காகப் பிரியும். ஆனால் கெட்டுப்போகும் பொருட்களை இவ்வாறு குவிப்பது நட்டத்தையே தரும். மா வண்டு பிடிக்கும்; எண்ணெய் சிக்குவாடை அடிக்கும். ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும் அளவே பொருத்தமானது.

மூன்றாவது, கடன் கொப்பி. முடிச்சந்திக் கடையில் 'எழுதி வையுங்கோ அண்ணை' என்று சொல்லிப் பொருள் வாங்குவது பல குடும்பங்களுக்கு ஆபத்தில் உதவும் வழியாகும். கடைக்காரரின் நல்ல மனதை நாம் குறை கூறவில்லை. எனினும் கடனுக்கு வாங்குபவர் விலையைக் கேட்பதில்லை, பேரம் பேசுவதில்லை, வேறு கடைக்குப் போவதுமில்லை. காசு கொடுக்காததால் தேவையற்ற ஒன்றிரண்டு பொருட்களும் சேர்ந்துவிடுகின்றன. கடன் தவிர்க்க முடியாதவர்கள், தாங்களும் ஒரு கொப்பி வைத்து, ஒவ்வொரு முறையும் விலையைக் கேட்டு எழுதிக் கொள்ள வேண்டும். சம்பளத் தினத்தன்று இரண்டு கொப்பிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இரு தரப்பினருக்கும் மனக்கசப்பு ஏற்படாது.

நகரங்களில் கடன் அட்டை அதே வேலையைச் செய்கின்றது. அட்டைக்கு வழங்கப்படும் விலைக்கழிவு, முழுத் தொகையையும் உரிய திகதிக்குள் செலுத்துபவருக்கே இலாபமாகும். நிலுவை வைப்பவருக்கு, பெற்ற கழிவை வட்டி விழுங்கிவிடும்.

பல்பொருள் அங்காடிகளுக்குச் செல்பவர்கள் மேலும் அவதானமாக இருக்க வேண்டும். அங்கு எமது கண் மட்டத்திலுள்ள தட்டுகளில் நிறுவனங்கள் அதிகம் விற்க விரும்பும் பொருட்களே பெரும்பாலும் அடுக்கப்பட்டிருக்கும். மலிவானவை மேலேயோ கீழேயோ இருக்கும். பணம் செலுத்தும் இடத்தில் இனிப்பு வகைகள் வைக்கப்பட்டிருப்பது, வரிசையில் நிற்கும் பிள்ளைகளை உத்தேசித்தேயாகும். 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்னும் அறிவிப்பைக் கண்டதும், எமக்கு மூன்று தேவையா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் என்ன இருக்கின்றது என்று பார்த்துப் பட்டியல் எழுதிக்கொண்டு, வயிறு நிறைந்த பின்னர், கையில் பையுடன் கடைக்குச் செல்வது எளிய ஆனால் பயனுள்ள பழக்கமாகும். பொலித்தீன் பைகளுக்குக் கட்டணம் அறவிடும் விதி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபின் துணிப்பையும் ஒரு சேமிப்பே.

மரக்கறியிலும் மீனிலும் பருவம் அறிந்து வாங்குவது பெரிய சேமிப்பைத் தரும். வடகீழ்ப் பருவ மழை பெய்யும் மாதங்களில் செய்கை பாதிக்கப்படுவதால் மரக்கறி விலை ஏறுவது வழக்கம். அக்காலத்தில் கரட்டையும் போஞ்சியையும் தேடி அலையாமல், வீட்டு வேலியிலுள்ள முருங்கை இலை, வல்லாரை, பொன்னாங்காணி, வாழைப்பொத்தி போன்றவற்றைச் சமையலில் சேர்த்துக்கொள்ளலாம். பெரும்போக அறுவடை சந்தைக்கு வரும் மாதங்களில் அரிசியைச் சற்றுக் கூடுதலாக வாங்கிவைப்பதும் புத்திசாலித்தனமாகும். துண்டு மீனுக்குக் கொடுக்கும் விலையில் அதை விட அதிகமான சூடை, சாளை, நெத்தலி வாங்க முடியும். சிறு மீன்கள் சத்தில் குறைந்தவையல்ல; முள்ளோடு உண்ணப்படுபவை பிள்ளைகளுக்குச் சுண்ணாம்புச் சத்தையும் தருகின்றன. சேமிப்பு என்பது சத்தைக் குறைப்பதன்று என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் இல்லை.

வாங்கியதை வீணாக்காமல் இருப்பதும் வாங்குவதைப் போலவே முக்கியமானது. பழைய அரிசி முடிந்த பின்னரே புதிய அரிசியைக் கலனில் கொட்ட வேண்டும். முதலில் வாங்கியது முன்வரிசையில் இருக்க வேண்டும். வாடிய கீரையும் அழுகிய தக்காளியும் குப்பைக்குப் போகும்போது, அவற்றுக்குக் கொடுத்த பணமும் குப்பைக்கே போகின்றது.

இவையெல்லாம் குடும்பத்தின் கடமைகள். நுகர்வோருக்கு உரிமைகளும் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, வர்த்தகர்கள் விலைகளைக் காட்சிப்படுத்த வேண்டும். கேட்கும்போது பற்றுச்சீட்டு வழங்க வேண்டும். குறிக்கப்பட்ட உயர்ந்தபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்பது குற்றமாகும். 2024 டிசெம்பரில் உள்நாட்டு நாட்டரிசி கிலோ 230 ரூபாவாகவும் சம்பா 240 ரூபாவாகவும் உயர்ந்தபட்ச விலைகள் நிர்ணயிக்கப்பட்டபோது, அவற்றை அறியாமலே பலர் கூடுதல் விலை கொடுத்தனர். முறைப்பாடுகளை 1977 என்ற இலக்கத்தில் அதிகார சபைக்குத் தெரிவிக்கலாம். காலாவதித் திகதியைப் பார்ப்பதும், தராசு பூச்சியத்தில் நிற்கின்றதா என்று கவனிப்பதும் கடைக்காரரை அவமதிப்பதாகாது. நேர்மையான வியாபாரி அதை வரவேற்கவே செய்வார்.

அரசாங்கத்துக்கும் பொறுப்பு உண்டு. ஒரு காலத்தில் எமது கிராமங்களின் உயிர்நாடியாக விளங்கிய பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடைகள் பல இடங்களில் நலிந்து போயுள்ளன. சில்லறை அளவில் வாங்குபவருக்கும் மொத்த விலையின் பயனைக் கொண்டு செல்வதற்கென்றே உருவானவை அவை. அவற்றை மீளக் கட்டியெழுப்புவதும், எல்லாக் கடைகளிலும் அலகு விலையைத் தெளிவாகக் காட்சிப்படுத்தச் செய்வதும், நாட்கூலிக் குடும்பங்களுக்கு எந்த உபதேசத்தை விடவும் அதிக நன்மை தரும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கொப்பி, ஒரு பட்டியல், ஒரு துணிப்பை ஆகிய மூன்றுடனும் இம்மாதமே ஆரம்பிக்கலாம். மாத முடிவில் மீதமாகும் தொகை சிறிதாக இருக்கலாம். அந்தச் சிறு தொகையில் முதலில் பிள்ளைகளின் தட்டுக்கு ஒரு முட்டை திரும்பி வருமாயின், அக்குடும்பத்தின் சிக்கனம் சரியான வழியில் செல்கின்றது எனக் கொள்ளலாம்.