வேகப் பார்சலுக்குக் கொடுக்கும் காசு எப்போது திரும்பி வரும்?

ஆடி பிறந்துவிட்டால் சிவகாசி லாரி செட்டுகளில் ஓய்வு இருக்காது. தீபாவளிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கும்போதே பட்டாசுப் பண்டல்கள் வடமாநிலங்களுக்குக் கிளம்பத் தொடங்கிவிடும். அங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில், விடியும் முன்பே மல்லிகை மொட்டைப் பறித்துச் சாக்கில் கட்டி, மதுரைக்கு முதல் பஸ்ஸில் ஏற்ற ஓடுவார்கள். ஒரே மாவட்டம்தான். ஒரு சரக்கு மூன்று மாதம் முன்பே கிளம்புகிறது. இன்னொன்று மூன்று மணி நேரம் பிந்தினாலும் பாதி விலைக்குப் போகிறது.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மற்ற வெள்ளாமை எல்லாம் நிற்கிறது. மாம்பழம், கொய்யா, வெள்ளரி, மிளகாய் வத்தல், கொத்தமல்லி, பருத்தி என எதை எடுத்தாலும், அனுப்பும் நாளில் ஒரு கேள்வி வரும். சாதாரண லாரியில் போடுவதா, கூடுதல் காசு கொடுத்து வேகப் பார்சலில் போடுவதா? பலரும் இதைக் கணக்குப் போட்டு முடிவு செய்வதில்லை. பதற்றத்தில் ஒரு முறை வேகமாக அனுப்புவார்கள், வாடகையைப் பார்த்துவிட்டு அடுத்த முறை பழைய லாரிக்கே போவார்கள்.

பட்டாசுக்கு வேகம் கிடையாது

முதலில் பட்டாசையே பார்ப்போம். 1922-ல் அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். மழை குறைந்த சிவகாசி பூமியில் அந்தத் தொழில் ஊன்றியது. பிறகு பட்டாசும் அச்சுத் தொழிலும் சேர்ந்துகொண்டன. இன்று நாட்டில் வெடிக்கும் பட்டாசில் பெரும்பகுதி இந்த வட்டாரத்தில் தயாராவதுதான்.

இத்தனை பெரிய வியாபாரமாக இருந்தும், அவசரத்துக்கு ஒரு பெட்டி பட்டாசைக்கூட விமானத்தில் அனுப்ப முடியாது. பயணிகள் ரயிலிலும் முடியாது. 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவின்படி, ஆபத்தான பொருளை விதிமீறி ரயிலில் கொண்டுபோனால் மூன்று ஆண்டு வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பெட்டி வெடித்து ஏதாவது சேதமானால் அந்த இழப்பும் கொண்டுபோனவர் தலையில்தான் விழும். தீபாவளி நெருக்கத்தில் சென்னையில் இருக்கும் பேரப் பிள்ளைகளுக்கு என்று பையில் மறைத்து எடுத்துப் போகிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. மிச்சம் இருக்கும் ஒரே வழி, வெடிபொருள் விதிகளுக்கு உட்பட்டுப் போகும் லாரி.

வேகம் கிடைக்காத சரக்குக்காரர் என்ன செய்வார்? காலத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்வார். சரக்கை முன்பே அனுப்பி, சந்தை இருக்கும் ஊரிலேயே குடோனில் வைப்பார். வட்டியும் குடோன் வாடகையும் ஏறும் என்றாலும் பண்டிகைக்குச் சரக்கு இல்லை என்ற பேச்சு வராது.

அதிலும் ஆபத்து உண்டு. 2020-ல் தீபாவளி நவம்பர் 14. அதற்கு இரண்டு வாரம்கூட இல்லாத நேரத்தில் ராஜஸ்தான், ஒடிசா, டெல்லி என்று அடுத்தடுத்துத் தடை வந்தது. நவம்பர் 9-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லியையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்தே தடை விதித்தது. சரக்கு ஏற்கெனவே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. திருப்பிக் கொண்டுவரவும் வழியில்லை, விற்கவும் வழியில்லை. முன்கூட்டி அனுப்புவதற்கும் ஒரு விலை இருக்கிறது என்பது அந்த ஆண்டு எல்லோருக்கும் புரிந்தது.

வத்தல், கொத்தமல்லி, உளுந்து, பருத்தி, மக்காச்சோளம் ஆகியவை இந்த விஷயத்தில் பட்டாசு ரகத்தைச் சேர்ந்தவை. ஒழுங்காகக் காய வைத்த வத்தல் விருதுநகர் மண்டிக்கு இன்று போனாலும் நாலு நாள் கழித்துப் போனாலும் வத்தல்தான். இதற்கு வேகத்துக்குக் காசு கொடுப்பது வீண். விலை சரியில்லை என்றால், ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் குடோனில் வைத்துப் பொருளீட்டுக் கடன் கேட்பதுதான் பிழைக்கும் வழி.

மாம்பழத்தில் ஒரு கணக்கு

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் ராஜபாளையம், சேத்தூர் பக்கம் சப்பட்டையும் பஞ்சவர்ணமும் காய்க்கும் தோப்புகள் நிறைய. அங்கிருந்து சென்னை கோயம்பேடு ஏறத்தாழ 550 கிலோமீட்டர். 500 கிலோ பழம் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். கீழே வரும் வாடகையும் சேதமும் கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. அவரவர் ஊர் எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

சாதாரண லாரியில் கிலோவுக்கு 3 ரூபாய், மொத்தம் 1,500. வழியில் இறக்கி ஏற்றி மூன்றாம் நாள் காலை போய்ச் சேரும்போது பத்தில் ஒரு பங்கு அழுகி, 450 கிலோ மிஞ்சுகிறது. நேரடி வேக வண்டியில் கிலோவுக்கு 7 ரூபாய், மொத்தம் 3,500. மறுநாள் காலையே போய்விடுகிறது. சேதம் நூற்றுக்கு மூன்று, 485 கிலோ தேறுகிறது.

கிலோ 40 ரூபாய்க்கு விற்றால், சாதாரண லாரியில் 18,000 வந்து வாடகை போகக் கைக்கு 16,500. வேக வண்டியில் 19,400 வந்து வாடகை போக 15,900. பழம் கூடுதலாகப் பிழைத்தும் 600 ரூபாய் நட்டம்! கிலோ 60 ரூபாய் என்றால் சாதாரணத்தில் 25,500, வேகத்தில் 25,600. அப்போதுதான் தராசு மறுபக்கம் சாய்கிறது.

இதற்கு ஒரு சுருக்கு வழி இருக்கிறது. வேகத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் தொகையை, அதனால் தப்பும் கிலோவால் வகுக்க வேண்டும். இங்கே கூடுதல் 2,000 ரூபாய், தப்புவது 35 கிலோ. வகுத்தால் 57 ரூபாய் சொச்சம். மண்டியில் அதற்கு மேல் விலை இருந்தால் வேக வண்டி, கீழே இருந்தால் சாதாரண லாரி. கமிஷன் நூற்றுக்குப் பத்துப் பிடிப்பார்கள் என்றால் அந்த 57 ஏறத்தாழ 64 ஆகிவிடும். விலை ஏறி நிற்கும் பருவத் தொடக்கத்தில் வேக வண்டியில் அனுப்பி, வரத்து பெருகி விலை சரிந்ததும் சாதாரண லாரிக்கு மாறுவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பழம் அழுகுவது நாளால் மட்டுமல்ல. ஒவ்வொரு முறை இறக்கி ஏற்றும்போதும் அடிபடுகிறது. வேகப் பார்சல் என்று பெயர் வைத்துக்கொண்டு இடையில் இரண்டு ஊரில் மாற்றி ஏற்றுகிறார்கள் என்றால், மாற்றாமல் போகும் மெதுவான லாரியே மேல். புக்கிங் செய்யும்போது “எத்தனை மணிக்குப் போகும்” என்பதோடு “எத்தனை இடத்தில் இறக்குவீர்கள்” என்றும் கேட்க வேண்டும். நண்பகல் வெயிலில் பறித்த பழத்தைச் சூட்டோடு பெட்டியில் அடைத்து அனுப்பினால் எந்த வண்டியாலும் அதைக் காப்பாற்ற முடியாது. காலையில் பறித்து, நிழலில் பரப்பி ஆற விட்டுப் பிறகு அடைப்பதற்குக் காசு ஒன்றும் செலவில்லை.

மல்லிகைக்கு வேறு கணக்கு

2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு விருதுநகர் மாவட்டப் பூவும் போகிறது. மொட்டு மாலையில் விரியத் தொடங்கிவிடும் என்பதால் இங்கே சேதத்தைவிட நேரம்தான் பெரிது. முகூர்த்தத்துக்கு முதல் நாள் காலையில் 800 ரூபாய் விற்ற பூ, கூட்டம் கலைந்தபின் 400-க்கு வந்து நிற்கும். 20 கிலோ வைத்திருப்பவருக்கு அதுவே 8,000 ரூபாய் இழப்பு. பஸ் தவறிய நாளில் 1,000 ரூபாய்க்கு வண்டி பிடித்தாலும் லாபம்தான்.

ஆனால் வண்டிக்காரருக்கு 20 கிலோவும் ஒன்றுதான், 200 கிலோவும் ஒன்றுதான். ஒரே ஊரில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு வண்டி பேசினால் ஆளுக்கு 100 ரூபாயில் முடியும். சிறு விவசாயி வேகத்தை வாங்கக் கூடிய ஒரே விலை அதுதான். யார் வீட்டு வாசலில் எத்தனை மணிக்கு வண்டி நிற்கும் என்பதில் வரும் சண்டையைத் தீர்க்கத் தெரிந்த ஒருவர் ஊரில் இருந்தால் போதும்.

வெளிநாட்டுக்கு விமானத்தில் போகும் பூ, ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டியில் போகிறது. அங்கே பூவின் விலையோடு விமான வாடகையும் சேரும். அது ஏற்றுமதியாளர் போடும் கணக்கு. விவசாயி பார்க்க வேண்டியது, அந்த வாடகையைத் தாங்கும் விலை தனக்கும் வருகிறதா என்பதுதான்.

2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இதற்கு நல்ல உதாரணம். எடை குறைவு, விலை அதிகம், சில நாளில் கெடும். வேக கூரியரைத் தாங்கும் சரக்கு என்றால் இதுதான். அதே பாலைப் பாலாகவே தூரத்துக்கு அனுப்பினால் வாடகையே விலையைத் தின்றுவிடும்.

வரும் பார்சலையும் பார்க்க வேண்டும்

வேகம் என்றால் விற்பனைக்கு மட்டும் என்று நினைப்பது பழக்கமாகிவிட்டது. சித்திரை வெயிலில் காய் பிடித்த செடி நிற்கும்போது கிணற்று மோட்டார் பழுதாகிறது. உதிரி பாகம் கோவையிலிருந்து வர வேண்டும். சாதாரணப் பார்சலில் நாலு நாள், வேகப் பார்சலில் மறுநாள். வித்தியாசம் சில நூறு ரூபாய். நாலு நாள் தண்ணீர் இல்லாமல் பூவும் பிஞ்சும் கொட்டினால் போவது ஆயிரங்கள். பழம் அனுப்பும்போது தாராளமாக வாடகை கொடுக்கிறவர்கள்கூட இந்த இடத்தில் கஞ்சத்தனம் செய்கிறார்கள்.

தாமதமானால் யார் பொறுப்பு?

வேகத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு சரக்கைப் பிந்திக் கொடுத்தால் முழு விலையும் கேட்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். லாரிப் போக்குவரத்துக்கு 2007-ம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் இருக்கிறது. 2011 முதல் நடைமுறையில் உள்ளது. ஒப்புக்கொண்ட கால வரம்புக்குள் வரும் தாமதத்துக்கு நிறுவனத்தின் பொறுப்பு வாடகைத் தொகையோடு நின்றுவிடும் என்கிறது அதன் 10-வது பிரிவு. 3,500 ரூபாய் வாடகைக்கு 20,000 ரூபாய்ப் பழம் அழுகினாலும் கைக்கு வருவது 3,500 வரைதான். அதனால் எத்தனை நாளில் சேர வேண்டும் என்பதை ரசீதில் எழுதி வாங்க வேண்டும். சரக்கின் மதிப்பையும் உள்ளபடி எழுத வேண்டும். பொருள் சேதத்துக்கு வழக்குப் போடும் முன், புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். ரயில் பார்சல் என்றால் ஆறு மாதத்துக்குள்.

ரயிலைச் சொல்லும்போது பொதிகை எக்ஸ்பிரஸை விட முடியாது. செங்கோட்டையில் மாலையில் கிளம்பி ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, விருதுநகர் வழியாக மறுநாள் காலையில் சென்னை எழும்பூர் போய்ச் சேர்கிறது. ஆனால் சிறு நிலையங்களில் வண்டி நிற்கும் நேரம் மிகக் குறைவு. அதற்குள் எத்தனை பெட்டி ஏற்ற முடியும், அந்த நிலையத்தில் பார்சல் புக்கிங் உண்டா என்பதை அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே நேரில் போய்க் கேட்டுக்கொள்ள வேண்டும். எழும்பூரில் இறங்கிய சரக்கைக் கோயம்பேடு கொண்டுபோக ஆளும் வண்டியும் தனியாக வேண்டும். அந்த வாடகையையும் சேர்த்துத்தான் முன்னே சொன்ன வகுத்தல் கணக்கைப் போட வேண்டும். மறுநாள் சந்தை விடுமுறையா என்று மண்டிக்காரரிடம் ஒரு போன் போட்டுவிட்டுப் பழத்தைப் பறிக்கலாம்.