தொங்குபாறையில் காலுக்கு என்ன வேலை?

பாறை ஏறுபவர்களைப் பார்க்கும்போது நம் கண் அவர்கள் விரல் மேலேயேதான் போகும். சரிவான பாறை என்றால் காலின் வேலை சுலபமாகப் புரிந்துவிடும். உடம்பின் எடையே ஷூவைப் பாறையோடு அழுத்துகிறது, ரப்பர் பிடித்துக்கொள்கிறது. அதே பாறை கூரை மாதிரி நம் தலைக்கு மேல் சாய்ந்து வந்தால் கதை மாறிவிடும். எடை நம்மைப் பாறையிலிருந்து பிரிக்கப் பார்க்கும்.

சின்னக் கணக்கு ஒன்று போடலாம். போல்டரிங் பயிற்சிக்கான மூன்போர்டு, செங்குத்திலிருந்து 40 டிகிரி நம் பக்கம் சாய்ந்த பலகை. அதில் கைப்பிடிக்கும் கால்பிடிக்கும் நடுவே பலகை நெடுக 150 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கிடைமட்டத்தில் அது சுமார் 96 செ.மீ. 70 கிலோ ஆள். இடுப்பு இரண்டு பிடிக்கும் மத்தியில், பலகையிலிருந்து 20 செ.மீ. தள்ளி இருக்கிறது. எடை முழுக்க இடுப்பில் இருப்பதாகவும், விசையெல்லாம் செங்குத்தாகவே செயல்படுவதாகவும் எடுத்துக்கொண்டால் (நிஜத்தில் அப்படி இல்லைதான்) கைகளில் 46 கிலோ, மீதி காலில். இடுப்பு 35 செ.மீ. வரை தொங்கிட்டா கைக்கு 54 கிலோவைத் தாண்டும். 15 செ.மீ.க்கு எட்டு கிலோ! கால் கழன்று போச்சுன்னா மொத்த எடையும் விரலுக்குத்தான்.

ஆக, இங்கே காலின் முக்கிய வேலை இடுப்பை உள்ளே இழுப்பது. கால் பெருவிரல் நுனியைப் பிடியில் வெச்சு, பூனை நகத்தால் வாருகிற மாதிரி தன் பக்கம் இழுக்கணும். ஷூவின் மூக்கு கீழ்நோக்கி வளைந்திருப்பது இதற்காகத்தான்.

அடுத்தது டிராப் நீ. பாதத்தின் வெளி விளிம்பைப் பிடியில் வைத்து, முழங்காலை உள்பக்கமாகத் திருப்பிக் கீழே இறக்குவது. இடுப்பு பக்கவாட்டில் திரும்பிப் பாறையோடு ஒட்டிக்கொள்ளும், அந்தப் பக்கத்துக் கை இன்னும் தூரம் எட்டும். ஹீல் ஹூக்கில் குதிகாலை மாட்டித் தொடையின் பின்தசையால் இழுக்கிறோம். டோ ஹூக்கில் புறங்கால் கொக்கியாகிறது.

இதன் உச்சம் நார்வேயின் ஃபிளாட்டாங்கர் குகையில் இருக்கிறது. ஆடம் ஓண்ட்ரா 2017 செப்டம்பரில் அங்கே ஏறிய 'சைலன்ஸ்' பாதையில், ஓரிடத்தில் தலைகீழாகக் காலை முன்னால் அனுப்பி, பாதத்தைப் பாறையில் செருகித் தொங்குகிறார். அதற்காகக் கெண்டைக்கால் தசைக்கென்றே தனிப் பயிற்சி எடுத்தார்.

புதிதாகப் பழகுபவர்கள் முழங்காலைக் கவனிக்கணும். டிராப் நீ, ஹீல் ஹூக் இரண்டுமே மூட்டை முறுக்குபவை. முதலில் பாதம் திரும்பணும், கூடவே இடுப்பும் திரும்பணும். பாதம் பூட்டிக்கிடக்க முழங்கால் மட்டும் திரும்பினால் தசைநார் கிழியலாம். மூட்டின் வெளிப்பக்கம் சுருக்கென்றால் ஏறி முடிக்கப் பார்க்காதீங்க. காலை விடுவித்து, கீழே மெத்தைக்கு இறங்கிடுங்க.