இடி மேகத்துக்குள் 130 கோடி வோல்ட்! ஊட்டியில் அளந்தது எப்படி?

ஏரியூர்,
தர்மபுரி மாவட்டம் ஏரியூர் பக்கம் மழை வந்தால் ஆடு மேய்ப்பவர்கள் மரத்தடியில் ஒதுங்குவது உண்டு. தலைக்கு மேல் நிற்கும் மேகத்தில் எவ்வளவு கரண்ட் இருக்கும்? வீட்டுக்கு வருவது 230 வோல்ட். ஊட்டியில் 2014 டிசம்பர் 1-ந்தேதி திரண்ட இடி மேகத்தில் இருந்ததோ சுமார் 130 கோடி வோல்ட்!

அங்குள்ள டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் 'கிரேப்ஸ்-3' ஆய்வுக்கூட விஞ்ஞானிகள் 2019-ல் இதை வெளியிட்டனர். மேகத்தை அவர்கள் தொடவே இல்லை. விண்வெளி கதிர்கள் காற்றில் மோதி, மியூவான் என்ற துகள்கள் எப்போதும் தரையில் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. மேகத்தின் மின்சாரம் குறுக்கிட்டால் கருவியில் அவற்றின் எண்ணிக்கை குறையும். அன்று 18 நிமிடம் குறைந்தது. அந்த கணக்கில்தான் வோல்ட் சிக்கியது.

மரத்தில் இறங்கும் மின்னல், அடியில் நிற்பவர் மீதும் பாயும். இடி கேட்டதுமே கான்கிரீட் கட்டிடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடிக்கு பிறகும் 30 நிமிடம் வெளியே தலைகாட்டக்கூடாது.